எட்டு ஜோடிக் கடைகள்

திலகா அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவளை யாரும் கருத்துக் கேட்கவில்லை. எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் போனது என்று கேட்டால் சொல்வதற்காகத்தான் அவளை மேசையின் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

செனாவாங் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருந்தது அந்த மசாலா ஆலை. முதலாளி முருகப்பன், சிரம்பானில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பத்து மனிதர். அவர் மகள் நிவேதிதா கோலாலம்பூரில் மார்க்கெட்டிங் படித்துவிட்டு அந்த ஆண்டுதான் ஆலைக்கு வந்திருந்தாள். திலகா அங்கே பதினொரு வருடமாகச் சரக்குப் பிரிவில் கணக்கு எழுதும் கிராணி. மந்தின் ஊரைத் தாண்டி உள்ளே இருந்த செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப் பனை மரங்களுக்கு நடுவில்தான் வீடு. கணவன் வசந்தன் அதே தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினான்.

அன்றைக்கு நிவேதிதா சுவரில் ஒரு விற்பனைப் படம் காட்டினாள். ஒரு கம்பம் உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் நின்றன.

"ருசி அக்காங்க நிக்கற கடையில வாரத்துக்கு எண்பது பாக்கெட்டு போவுதுப்பா. நிக்காத கடையில நாப்பது. அப்படியே டபுள்."

சனி, ஞாயிறுகளில் கடை வாசலில் சின்ன மேசை போட்டு, அடுப்பு வைத்து, ஆலையின் மசாலாவில் மீன்கறி காய்ச்சி, வருகிறவர்களுக்கு ரொட்டித் துண்டோடு ருசி பார்க்கக் கொடுக்கும் எட்டுப் பெண்களைத்தான் ஆலையில் ருசி அக்காக்கள் என்பார்கள்.

"அப்படின்னா இன்னும் பத்து பேர சேர்த்துடலாம்" என்றார் முருகப்பன், முகம் மலர்ந்து.

"அந்தக் கடைங்க முன்னாடியே அப்படித்தான் ஓடுச்சி முதலாளி."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று திலகாவுக்குத் தெரிந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்தினால் இன்னும் அசிங்கம்.

"நல்லா ஓடற கடையா பார்த்துதானே நாம அக்காங்கள அனுப்பனோம்? அவங்க நின்னதால வித்துச்சா, இல்ல விக்கற கடையா பார்த்து அவங்க நின்னாங்களா? இந்தப் படத்துல அது தெரியாது."

நிவேதிதாவின் முகம் சிவந்தது. முருகப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப ஒருத்தரும் நிக்கலைன்னாலும் அதே மாதிரி விக்குமா?"

"தெரியல முதலாளி."

"தெரியலைன்னா தெரிஞ்சிக்கணும்லா. நீயே பாரு. ரெண்டு மாசம் எடுத்துக்க. ஒண்ணும் இல்லைன்னு வந்தா எட்டு பேரையும் நிறுத்திடுவோம்."

எட்டுப் பேரில் ஒருத்தி தாயம்மா. திலகாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கணவனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலையும் குத்தகைக்காரன் கொண்டுவந்த வெளிநாட்டு ஆட்களுக்குப் போய்விட்டது. அவளுக்கு நிலையாக இருந்தது இந்த வாரக்கடைசி வேலை ஒன்றுதான். அதை வாங்கிக் கொடுத்ததே திலகாதான்.

அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது சிரம்பான் சமிக்ஞை விளக்கில் பச்சை விழுந்தும் திலகா நகரவில்லை. பின்னால் நின்ற லோரி ஹார்ன் அடித்த பிறகுதான் விழித்துக்கொண்டாள்.

எப்படிச் செய்வது என்பதில் அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. பத்தொன்பது வயதில் தோட்டத்து உரச்சோதனைப் பிரிவில் குலை எண்ணும் வேலை பார்த்திருக்கிறாள். ஒரே மாதிரியான இரண்டு துண்டு நிலத்தை ஜோடி சேர்ப்பார்கள். சீட்டுப் போட்டு ஒன்றுக்குப் புது உரம், மற்றதற்குப் பழையது. நல்ல துண்டுக்கு உரம் போட்டுவிட்டு, பார் எப்படிக் காய்த்திருக்கிறது என்று சொன்னால் ஆராய்ச்சி அதிகாரி காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஒரு துண்டின் உரம் மழையில் கரைந்து அடுத்ததற்குப் போகாதபடி இடையில் இரண்டு வரிசை மரம் விட்டிருப்பார்கள். அந்த மரங்களை யாரும் எண்ணுவதில்லை. நான்கு வருடம் வெயிலில் இதைச் செய்தவளுக்கு, நிலத்துக்குப் பதில் கடை என்று மாற்றிக்கொள்வது கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. செம்பனை மரத்துக்கு, சோதனையில் தோற்றால் வேலை போய்விடும் என்ற பயம் கிடையாது.

பதினாறு கடைகளை எடுத்தாள். போன வருட விற்பனையைப் பார்த்து, பெரியதுக்குப் பெரியது, சின்னதுக்குச் சின்னது என்று எட்டு ஜோடி ஆக்கினாள். ஒரு கடை வாடிக்கையாளர் இன்னொன்றுக்குப் போய்விடாதபடி ஜோடிக் கடைகள் தள்ளித் தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். இரண்டிலும் ஒரே விலை, ஒரே பாக்கெட், அலமாரியில் ஒரே தட்டு. தீபாவளி நெருங்கும் முன்பே ஆறு வாரம் முடிந்துவிட வேண்டும்.

நிவேதிதா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதத்தான் அக்கா நான் பரீட்சையில நாலு பக்கம் எழுதனேன். நெசமா செஞ்சு பார்த்ததில்ல" என்றாள். பிறகு பென்சிலை எடுத்து ஒரு இடத்தைத் தட்டினாள். "திங்கக்கிழமை பாக்கெட்ட யாரு எண்றது?"

"நான்தான்."

"நீங்க வேணாம். அக்காங்க ஜெயிக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கு. எண்றப்ப கை அந்தப் பக்கம் சாயும்."

திலகாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அது உண்மை. சரக்கு இறக்கப் போகும் லோரி ஓட்டுநர் மகேந்திரன் எண்ணட்டும் என்று முடிவானது. வார நாளில் போகிறவனுக்கு எந்தக் கடையில் யார் நின்றார்கள் என்று தெரியாது. அவனிடம் சொல்லவும் கூடாது.

சீட்டை பிஸ்கட் டின்னில் போட்டு நிவேதிதா எடுத்தாள். தாயம்மா வழக்கமாக நிற்கும் செனாவாங் மினி மார்க்கெட்டுக்கு, ருசி இல்லை என்று விழுந்தது. புக்கிட் பெலண்டோக்கில் மாயாண்டி என்பவரின் சின்ன மளிகைக் கடைக்கு, ருசி உண்டு என்று விழுந்தது. யார் எங்கே நிற்பது என்பதற்கும் தனியாகச் சீட்டு. தாயம்மாவுக்கு வந்தது புக்கிட் பெலண்டோக்.

சனிக்கிழமை காலை திலகா அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு மந்தினில் ஆலை வேன் வரும் இடத்துக்குப் போனாள்.

"ஏன்டி திலகா, அந்தக் காட்டுல போயி யாருக்குடி கறி காய்ச்சறது?" தாயம்மா பின்னாலிருந்து காதருகே கத்தினாள். "செனாவாங்குன்னா கூட்டம் அள்ளும். அங்க நாலு பேரு வருவானா?"

"சீட்டுல வந்ததுக்கா."

"என்னதான் சோதனை இது? எங்கள தூக்கறதுக்கா?"

திலகா அப்போது பொய் சொல்லியிருக்கலாம். சும்மா பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். காற்றில் கத்திப் பேசிக்கொண்டு, முதுகில் ஒரு கை பிடித்திருக்கும்போது பொய் வரவில்லை.

"ருசி கொடுத்தா கூட விக்குதான்னு பார்க்கறாங்க. விக்கலைன்னா நிறுத்திடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

முதுகில் இருந்த பிடி இறுகியது. 

முதல் இரண்டு வாரமும் திங்கள் மாலை மகேந்திரனின் தாள் வரும் வரை திலகாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாள் வந்த பிறகும் நிம்மதி இல்லை. ஒரு ஜோடியில் ஏறியிருந்தது, அடுத்ததில் இறங்கியிருந்தது. மூன்றாம் வாரம் போட்டிக் கம்பெனி ஒன்று விலையைக் குறைத்ததும் எல்லாக் கடையிலும் விற்பனை சரிந்தது. திலகா பதறிப்போய் நிவேதிதாவிடம் ஓடினாள்.

"ருசி இருக்கற கடையிலயும் இல்லாத கடையிலயும் சேர்ந்துதானே அக்கா விழுந்திருக்கு? நாம பார்க்கறது ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்த. அதுக்குத்தானே ஜோடி போட்டீங்க?" என்று அவள்தான் தேற்றி அனுப்பினாள்.

ஆனால் ஒரு கடை மட்டும் சரியவில்லை. புக்கிட் பெலண்டோக். வழக்கமாக வாரத்துக்குப் பதினெட்டு பாக்கெட் போகிற கடை. முதல் இரண்டு வாரம் இருபத்தாறு, இருபத்தேழு. மூன்றாம் வாரம், எல்லாரும் விழுந்த அந்த வாரத்தில், முப்பத்தெட்டு. நான்காம் வாரம் நாற்பத்தொன்று. ஐந்தாம் வாரம் நாற்பது.

முதலில் திலகாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. தாயம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தாள். தாளை மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள். மடித்தாள்.  விலை குறைந்த போட்டிச் சரக்கு அந்தக் கடைக்கும்தானே போயிருக்கும்? அங்கே மட்டும் ஏன் ஏற வேண்டும்?

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மோட்டாரை நேரே புக்கிட் பெலண்டோக்குக்கு விட்டாள். வழியெல்லாம் காரணம் தேடிக்கொண்டே போனாள். பக்கத்தில் ஏதாவது கல்யாணம் நடந்திருக்கும். கோயிலில் அன்னதானம் இருந்திருக்கும். கடைக்காரர் பாக்கெட்டை முன்னால் எடுத்து வைத்திருப்பார். அப்படி ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மாயாண்டி கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மசாலா சொன்ன தட்டிலேயே இருந்தது.

"கல்யாணமா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். "ஒங்க அக்கா நல்லா பேசி விக்கறாங்க. அவங்களே போறப்ப பத்து, பன்னெண்டு வாங்கிட்டு போவாங்க. தோட்டத்துல சொந்தக்காரங்க கேக்கறாங்களாம். நல்ல மனுஷிம்மா, காசு குடுத்துதான் வாங்கறாங்க."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு வாரமா இருக்கும்."

திலகா ஒரு புட்டி தண்ணீர் வாங்கினாள். குடிக்காமலே மோட்டாரின் கூடையில் போட்டாள். 

சாயங்காலம் அவள் போனபோது தாயம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திலகாவின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். திலகாவும் பின்னால் போனாள். சமையலறை மூலையில் இருந்த அரிசி டிரம்மின் மூடியைத் தாயம்மாவே திறந்து காட்டினாள். உள்ளே மசாலா பாக்கெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எண்ணிக்கடி" என்றாள்.

"ஏன்க்கா இப்படி?"

"ஏன்னா? நீதானே சொன்ன? விக்கலைன்னா தூக்கிடுவாங்கன்னு. அந்தக் காட்டுல மழை பேஞ்சா ஒரு ஈ வராது. நான் என்ன பண்ணட்டும்? உள்ள படுத்திருக்காரே, அவருக்கு யாரு மருந்து வாங்குவா?" குரலைத் தாழ்த்தினாள், உள்ளறைக்குக் கேட்டுவிடாதபடி. "யாரு காசையும் திருடல. என் கூலியிலதான் வாங்கனேன்."

"மத்தவங்களும் செய்றாங்களா?"

"எனக்குத் தெரியாது. நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லாதன்னு சொன்னல்ல."

திலகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த தாயம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத உட்டுடு திலகா. இன்னும் ஒரே வாரம். நான் இனிமே வாங்கல. நீயும் நானும் தவிர யாருக்கும் தெரியாது."

அந்த வாரம் முழுக்க திலகா அந்தத் தாளையே எடுத்து எடுத்துப் பார்த்தாள். வசந்தன் இரண்டு தடவை என்னவென்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ஒரு நேரம், பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. இன்னொரு நேரம், தாயம்மா வாங்கியதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது. முதலில் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எந்த வாரம் எத்தனை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. டிரம்மில் இருந்தது முப்பத்தொன்று. இரண்டை அக்கம்பக்கத்தில் கொடுத்ததாகத் தாயம்மா சொன்னாள், மூன்றாகவும் இருக்கலாம் என்றாள். ஒரு கடைக்கு நினைவை நம்பித் திருத்த ஆரம்பித்தால், பிடிக்காத எண் வருகிற ஒவ்வொரு கடைக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். உரச்சோதனையில் ஒரு துண்டைப் பன்றி மேய்ந்துவிட்டால் அதை ஜோடியோடு சேர்த்து நீக்கிவிட்டு, ஏன் நீக்கினோம் என்று எழுதி வைப்பார்கள். அவளுக்குத் தெரிந்த நேர்மையான வழி அது ஒன்றுதான்.

மற்ற ஏழு கடைக்கும் தானே போய் விசாரித்தாள். அங்கெல்லாம் அப்படி நடக்கவில்லை. ஒரு கடையில் அக்கா அசந்துபோய் மதியமே கிளம்பிவிடுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டாள், ஆனால் அந்தக் கடையை நீக்கவில்லை. எப்போதும் நடக்கிற வேலை அப்படித்தான் நடக்கிறது என்றால், சோதனையும் அதைக் காட்டத்தானே வேண்டும்.

ஆறு வாரம் முடிந்த மறுநாள் முருகப்பனின் அறையில் தாளை வைத்தாள். நிவேதிதாவும் இருந்தாள்.

"எட்டு ஜோடியில ஒண்ண எடுத்துட்டேன் முதலாளி. அந்தக் கடையில நம்ம ஆளே பாக்கெட் வாங்கியிருக்காங்க."

"யாரு? அந்த அம்மாதானே, புக்கிட் பெலண்டோக்?" முருகப்பனின் குரல் ஏறியது. "நம்மள ஏமாத்தியிருக்கா."

"தப்பு என் மேல. முடிவு எப்படி வந்தா என்ன ஆகும்னு நான்தான் அவங்ககிட்ட முன்கூட்டியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வேலை போயிடும்னு பயந்தவங்கள வெச்சி சோதனை செஞ்சா இப்படித்தான் கெட்டுப்போகும். பயமுறுத்துனது நான்."

முருகப்பன் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

மிச்சம் ஏழு ஜோடியில் ஐந்தில் ருசி கொடுத்த கடை முந்தியிருந்தது. ஒன்றில் இரண்டும் சமம். ஒன்றில் ருசி கொடுத்த கடைதான் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. ஏழையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கடைக்கு வாரத்துக்கு ஆறு பாக்கெட் கூடுதல்.

"ஆறுதானா? நாப்பதுன்னு சொன்னியேம்மா?" முருகப்பன் மகளைப் பார்த்தார்.

"அது விக்கற கடைக்கும் விக்காத கடைக்கும் உள்ள வித்தியாசம்பா. ருசியால வந்தது இந்த ஆறுதான். அக்கா அன்னிக்கே சொன்னாங்க" என்றாள் நிவேதிதா.

சமமாகவும் பின்தங்கியும் வந்த இரண்டு ஜோடியும் பெரிய மார்க்கெட்டுகள். முருகப்பன் உடனே பிடித்துக்கொண்டார். பெரிய கடையில் நிறுத்திவிட்டு, தோட்டத்துப் பக்கம் சின்னக் கடைகளுக்கு எல்லாரையும் அனுப்பிவிடலாம் என்றார்.

"ரெண்டே ரெண்டு கடைய வெச்சி அப்படிச் சொல்லிட முடியாது முதலாளி. அது பிற்பாடு கண்ணுல பட்டது. நெசந்தானான்னு திரும்ப ஒரு தடவை பார்க்கணும். ருசியை நிறுத்துன பிறகும் நாலு வாரம் எண்ணணும். சனங்க முன்கூட்டியே வாங்கி வெச்சிட்டு அப்புறம் வாங்காம இருந்துட்டாங்கன்னா இந்த ஆறும் பொய்."

"உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டா நீ நாலு கேள்வி கொண்டு வர்ற" என்றார் முருகப்பன். கோபமாகச் சொன்னாரா, சிரித்தாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நாலு வாரம் எண்ணினார்கள். விற்பனை பழைய அளவுக்குக் கீழே போகவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றது. ருசி வேலை தொடர்ந்தது. ஆனால் திரும்பச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தோட்டத்துப் பக்கம் அனுப்பியதில் கடைகள் தூரமாகிவிட்டதால் இரண்டு பெண்கள் தாங்களே நின்றுவிட்டார்கள். தாயம்மாவை முருகப்பன் மறுபடி கடைக்கு அனுப்பவில்லை. திலகா மூன்று தடவை போய்க் கேட்ட பிறகு, பாக்கெட் கட்டும் பிரிவில் இடம் தருவதாகச் சொன்னார். தாயம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டினில் பாத்திரம் கழுவப் போனாள். திலகாவின் மோட்டாரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

தாயம்மாவிடம் சொல்ல திலகாவுக்கு ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் ஆறுதலா, இன்னும் வேதனையா என்று தெரியாமல் இரண்டு மாதம் வைத்திருந்தாள். ஒரு ஞாயிறு காலை தோட்டத்துக் கடையில் ரொட்டி வாங்க இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். கடைக்காரரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"அக்கா, முதல் ரெண்டு வாரம் நீங்க ஒண்ணும் வாங்கலல்ல?"

தாயம்மா திரும்பிப் பார்த்தாள். "இல்ல. ஏன்?"

"அப்பவே இருபத்தாறு, இருபத்தேழு போயிருக்கு. பதினெட்டு போற கடை அது. நீங்க வாங்குனத கழிச்சிப் பார்த்தாலும் அப்படித்தான் வருது. மத்த சின்னக் கடைங்களவிட ஒங்க கடையிலதான் அதிகமா ஏறுச்சி. எழுத முடியல. ஆனா எனக்குத் தெரியும்."

தாயம்மா கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் சில்லறையை நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அப்ப நான் சும்மா இருந்திருந்தாலே போதுமா?"

"ஆமாக்கா."

"அத நீ அப்பவே சொல்லியிருக்கலாம்லடி."

"சொல்லக்கூடாதுக்கா. நடுவுல சொன்னா அதுவும் கெட்டுடும்."

தாயம்மா சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று திலகா தேடிப் பார்த்தாள், தெரியவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு கெளம்புவ?" என்று கேட்டாள் தாயம்மா. "கேண்டினுக்கு ஆறரைக்குள்ள போவணும். பஸ்ஸு ரெண்டு நாளா வர்றதில்ல."

"அஞ்சே முக்காலுக்கு வந்துடறேன்" என்றாள் திலகா.